மாத்தே சாக்: இரு மொழிகள் உரிமை கோரிய ஒரு பிரபு



மொழி வளர்ச்சிக்கென நடைபெறும் இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில், எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நடு ஐரோப்பாவில் வாழ்ந்த ஒரு நிலப்பிரபுவைப் பற்றிப் பேச நாம் முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். அவர் புலவர் அல்லர். மொழிக்குத் தொண்டு செய்தவரும் அல்லர். கோட்டைகளைக் கைப்பற்றியவர், மன்னர்களை எதிர்த்தவர், திருச்சபையால் விலக்கி வைக்கப்பட்டவர். ஆயினும் அவர் இறந்து ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், இரு மொழியினர் அவரைத் தம்மவர் என்று கொண்டாடினர். அந்த உரிமைக் கோரிக்கை வாளால் எழுந்ததன்று, சொல்லால் எழுந்தது. ஒரு நாட்டின் பெயரையும் ஓர் இனத்தின் பெயரையும் ஒரே சொல்லால் குறிப்பதா, இரு சொற்களால் குறிப்பதா என்ற சிக்கலே அதன் வேர். ஆகவே மொழியாசிரியர்களும் மாணவர்களும் கூடியுள்ள இவ்வவையில் அவரைப் பற்றிப் பேசுவது பொருத்தமே என்று கருதுகிறோம்.

அவர் பெயர் மாத்தே சாக். ஹங்கேரிய மொழியில் சாக் மாத்தே என்பர்; அங்கே குடிப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வரும். நம் சீன நண்பர்களின் பெயர்முறையை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஸ்லோவாக் மொழியில் அவர் மாத்தூஷ் சாக். அவர் காலத்து இலத்தீன் ஆவணங்களில் மத்தேயுஸ். மூன்றும் விவிலியத்து மத்தேயுவின் பெயரே. ஒரே மனிதருக்கு மூன்று மொழிகளில் மூன்று வடிவங்கள் உள்ளன என்பதை முதலில் மனத்திற்கொள்வோம்.

காலமும் களமும்

கி.பி. 1000ஆம் ஆண்டளவில் தோன்றிய ஹங்கேரி முடியரசை ஆர்பாட் குலத்தினர் முந்நூறு ஆண்டுகள் ஆண்டனர். அந்த முடியரசு இன்றைய ஹங்கேரியை விடப் பன்மடங்கு பரந்தது. இன்றைய ஸ்லோவாக்கியா முழுவதும், ருமேனியாவின் டிரான்சில்வேனியாப் பகுதியும், வேறு பல நிலங்களும் அதனுள் அடங்கியிருந்தன. மகியார்கள், ஸ்லாவியர்கள், ஜெர்மானியர்கள், ருமேனியர்கள் எனப் பல மொழி பேசுவோர் ஒரே முடியின்கீழ் வாழ்ந்தனர். அரசின் எழுத்து மொழி இவற்றுள் எதுவும் அன்று, அது இலத்தீன்.

1241, 1242ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த மங்கோலியப் படையெடுப்பு இம்முடியரசை நிலைகுலையச் செய்தது. திறந்தவெளியில் அமைந்த ஊர்கள் அழிந்தன. கற்கோட்டைகள் சில மட்டும் தாக்குப்பிடித்தன. அப்பாடத்தைக் கற்ற மன்னர் நான்காம் பேலா, கோட்டை கட்ட முன்வந்த பிரபுக்களுக்கு நிலங்களை வழங்கினார். நாட்டைக் காக்கவென்று எடுத்த அம்முடிவே பின்னாளில் மன்னருக்கு எதிராகத் திரும்பியது. கோட்டை கட்டியவர் கோட்டைக்கு உரியவரானார். கோட்டைக்கு உரியவர் சுற்றியுள்ள ஊர்களுக்கும் தலைவரானார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கே கோசெகி குடும்பத்தார், வடகிழக்கே அமாதே ஆபா, டிரான்சில்வேனியாவில் லாஸ்லோ கான் என நாடு பல பெருந்தலைவர்களிடையே பிளவுபட்டிருந்தது. அவர்களுள் மிகுந்த வலிமை பெற்றவர் வடமேற்கே எழுந்த மாத்தே சாக்.

சாக் குடி பழைமையானது. மாத்தேயின் தந்தை பேத்தரும், மாத்தே என்ற அதே பெயர் கொண்ட, தந்தையின் உடன்பிறந்தாரும் அரசவையின் உயர்ந்த பதவிகளை வகித்தவர்கள். 1278ஆம் ஆண்டு ஹங்கேரி மன்னரும் ஜெர்மானிய மன்னர் ருடோல்பும் சேர்ந்து பொகீமிய மன்னர் ஒட்டோகாரை வீழ்த்திய பெரும்போரிலும் இக்குடும்பத்தார்க்குப் பங்குண்டு. ஆகவே நம் மாத்தே வெறுங்கையோடு தொடங்கியவர் அல்லர். குடும்பத்தார் சேர்த்து வைத்த நிலத்தையும் பெயரையும் கொண்டு அவர் தொடங்கினார்.

எழுச்சி

ஆர்பாட் குலத்தின் இறுதி மன்னர் மூன்றாம் ஆந்திராஷ். தொடக்கத்தில் மாத்தே அவருக்குத் துணை நின்றார். குதிரைப்படைப் பொறுப்பும், பின்னர் மன்னருக்கு அடுத்த நிலையிலான நாடோர் என்னும் பேரமைச்சர் பதவியும் பெற்றார். 1296ஆம் ஆண்டளவில் வாக் ஆற்றங்கரையிலுள்ள டிரென்சீன் கோட்டை அவர் கைக்கு வந்தது. செங்குத்தான பாறைமீது நிற்கும் கோட்டை அது. அப்பாறையின் அடியில் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குத் தங்கிய ரோமப் படையினர் பொறித்த கல்வெட்டு இன்றும் உள்ளது. மொராவியாவிலிருந்து ஹங்கேரிக்குள் வரும் வழியை அக்கோட்டையிலிருந்து காக்கலாம், அடைக்கவும் செய்யலாம். மாத்தே இரண்டையும் செய்தார். விரைவிலேயே மன்னருக்கும் அவருக்கும் பகை மூண்டது. பதவி போயிற்று, கோட்டை போகவில்லை.

1301ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆந்திராஷ் ஆண் வாரிசின்றி மறைந்தார். ஆர்பாட் குலத்தின் ஆண்வழி அத்துடன் முடிந்தது. அரியணைக்கு ஒருவர்பின் ஒருவராக மூவர் வந்தனர். நேப்பிள்சின் ஆன்சூ குடும்பத்து இளைஞர் காரோய், பொகீமிய இளவரசர் வென்செஸ்லாஸ், பவேரியக் கோமகன் ஒட்டோ ஆகியோரே அம்மூவர். மாத்தே முதலில் வென்செஸ்லாசை ஆதரித்தார். அதற்குக் கைம்மாறாக டிரென்சீன், நித்ரா ஆகிய மாவட்டங்கள் அவருக்குக் கிடைத்தன. வென்செஸ்லாசின் நிலை தளர்ந்தபோது மாத்தே விலகிக்கொண்டார். மன்னர்கள் வந்தனர், போயினர். மாத்தேயின் நிலம் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

1308ஆம் ஆண்டு திருத்தந்தையின் தூதராக வந்த கர்தினால் ஜென்டீலே, மாத்தேயை நேரில் காண விரும்பினார். கெகெஷ் என்னும் ஊரிலிருந்த துறவிமடம் ஒன்றில் அச்சந்திப்பு நிகழ்ந்தது. காரோயை மன்னராக ஏற்க மாத்தே இசைந்தார். ஆனால் அம்மாதத்திலேயே பெஸ்த் நகரில் காரோய் மன்னராக அறிவிக்கப்பட்ட அவைக்கு அவர் நேரில் செல்லவில்லை; தம் ஆட்களுள் ஒருவரான ஃபெலிசியன் சாக் என்பவரை அனுப்பினார். தமிழில் ஒன்றாகவே எழுத நேர்ந்தாலும், இவர் குடிப்பெயர் வேறு, மாத்தேயின் குடிப்பெயர் வேறு. நிலையான அமைதி உண்டாகவில்லை. 1311ஆம் ஆண்டு கோடையில் மாத்தேயின் படை பூடா நகர் எல்லைவரை வந்து கொள்ளையிட்டது. ஜூலைத் திங்களில் ஜென்டீலே அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி ஆணையிட்டார்.

அடுத்த ஆண்டு, 1312 ஜூன் 15ஆம் நாள், கோஷித்சே நகருக்கு அருகிலுள்ள ரோஸ்கோன் என்னுமிடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. கோஷித்சே மக்களால் கொல்லப்பட்ட அமாதே ஆபாவின் மைந்தர்களுக்குத் துணையாக மாத்தே படை அனுப்பியிருந்தார். காரோயின் பக்கம் அந்நகரத்தாரும் ஸ்பிஷ் பகுதி ஜெர்மானியக் குடியினரும் நின்றனர். காரோய் வென்றார். எனினும் மாத்தேயின் நிலம் அவர் கைக்கு எளிதில் வரவில்லை. 1317ஆம் ஆண்டில்தான் விஷெக்ராட், கொமாரோம் ஆகிய கோட்டைகளை மன்னரால் மீட்க முடிந்தது. 1318ஆம் ஆண்டு நித்ரா ஆயரும் மாத்தேயைத் திருச்சபையினின்று விலக்கினார். 1321 மார்ச் 18ஆம் நாள் மாத்தே இறந்தார். அதுவரை டிரென்சீன் அவரிடமே இருந்தது. அவருடைய மகன் முன்னரே இறந்துவிட்டமையால் உறவினர் ஒருவர் பொறுப்பேற்றார். சில திங்கள்களுக்குள், அவ்வாண்டு ஆகத்து மாதத்தில், டிரென்சீன் மன்னரிடம் சரணடைந்தது. ஒரு மனிதரின் ஆற்றலைச் சுற்றி எழுந்த அரசு, அம்மனிதரோடு முடிந்தது.

அவர் ஆண்ட முறை

வரலாற்றாசிரியர்களின் கணக்குப்படி, உச்ச நிலையில் பதினான்கு மாவட்டங்கள் அளவிலான நிலமும் ஏறத்தாழ ஐம்பது கோட்டைகளும் மாத்தேயின் ஆதிக்கத்தில் இருந்தன. அவர் தம் பெயரில் முடிசூடவில்லை. ஆனால் மன்னரின் அரண்மனையில் உள்ள பதவிகள் அனைத்தையும் தம் இல்லத்திலும் அமைத்துக்கொண்டார். கோட்டைத் தலைவர்களையும் நீதி வழங்குவோரையும் தாமே அமர்த்தினார். ஆயர்களின் நிலங்களும் திருச்சபைக்குச் செல்லவேண்டிய பத்தில் ஒரு பங்கு வரியும் அவர் ஆட்களால் பறிக்கப்பட்டன.

இத்தகைய ஆட்சிக்கு அடித்தளமாய் இருந்தது ஓர் உறவுமுறை. சிறு பிரபுக்கள் பெரிய பிரபுவின் பணியில் சேர்வர், அவருக்காகப் போரிடுவர், அவர் கோட்டைகளைக் காப்பர், அவர் அவர்களைப் பேணுவார். இவர்களை இலத்தீன் ஆவணங்கள் 'ஃபமிலியாரிஸ்' என்று குறிக்கின்றன. குடும்பம் எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது அது. ஆண்டானும் பணியாளனும் அரசியல் உறவை இல்லத்து உறவின் சொல்லால் குறித்தனர். ஆனால் அவ்வுறவு முறியக்கூடியது. முன்னர்க் குறிப்பிட்ட ஃபெலிசியன் பின்னர் மாத்தேயை விட்டு மன்னரின் பக்கம் சேர்ந்தார். அவரே 1330ஆம் ஆண்டு விஷெக்ராட் அரண்மனையில் மன்னர் குடும்பத்தின்மீது வாளுடன் பாய்ந்து, அங்கேயே வெட்டுண்டு இறந்தார்.

மாத்தே போன்றோரை ஹங்கேரிய மொழியில் 'கிஷ்கிராய்' என்பர். 'சிறிய அரசன்' என்பது அதன் நேர்ப்பொருள். நம் இலக்கிய மரபிலுள்ள 'குறுநில மன்னர்' என்ற தொடர் உடனே நினைவுக்கு வரும். ஆனால் அதை அப்படியே எடுத்தாள்வதில் ஓர் இடர் உண்டு. குறுநில மன்னர் என்னும்போது நமக்குத் தோன்றுபவர், வழிவழியாகத் தம் நிலத்தை ஆளும் உரிமையுடையவர். புலவர் பாடும் புகழுக்கு உரியவர். 'கிஷ்கிராய்' என்பதிலோ குற்றச்சாட்டின் சாயல் உண்டு. அரசனுக்குரியதைத் தனக்கெனக் கொண்டவன் என்ற பழிப்பு அதில் ஒலிக்கிறது. சொல்லுக்குச் சொல் ஒத்தாலும் மதிப்பீடு ஒவ்வாது போகும். மொழிபெயர்ப்பில் ஈடுபடும் மாணவர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மாத்தேயைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி அவருடைய பகைவர்கள் எழுதியவை. ஆயர்கள் தம் முறையீடுகளில் அவர் செய்த கொடுமைகளைப் பட்டியலிட்டனர். மன்னர் தமக்குத் துணைநின்றவர்களுக்கு நிலம் வழங்கியபோது, 'மாத்தேயை எதிர்த்து இன்னின்ன தொண்டு செய்தமையால்' என்று காரணம் எழுதினார். வென்றவரின் நன்றியுரையில் தோற்றவரின் வரலாறு எழுதப்பட்டது. இதனால் மாத்தே நல்லவர் ஆகிவிடமாட்டார். ஆனால் சான்றுகளைப் படிக்கும்போது எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்கவேண்டிய கடமை நமக்கு உண்டாகிறது.

பதவிப் பெயர்கள் காட்டும் உண்மை

மாத்தே எந்த இனத்தவர் என்ற கேள்விக்கு விடை தேடுமுன், அவர் வகித்த பதவிகளின் பெயர்களைச் சற்று ஆராய்வோம். இங்கே மொழியியல் நமக்குக் கைகொடுக்கிறது.

ஹங்கேரிய மொழி, ஃபின்னிய மொழியைப் போல, ஊராலிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்லோவாக் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஸ்லாவியக் கிளை. பிறப்பால் இவ்விரு மொழிகளுக்கும் உறவில்லை. ஆயினும் ஹங்கேரிய மொழியின் அரசியற் சொற்களைப் பாருங்கள். மாவட்டத் தலைவரைக் குறிக்கும் 'இஷ்பான்' என்பது 'ஜுபான்' என்னும் ஸ்லாவியச் சொல்லின் திரிபு. 'நாடோர்' என்பதும் அவ்வாறே. அரண்மனைக்குரிய ஜுபான் என்று பொருள்படும் ஸ்லாவியத் தொடரின் சுருக்கம். அரண்மனை முற்றத்தைக் குறிக்கும் 'உத்வர்' என்பது ஸ்லாவிய 'துவோர்' என்பதிலிருந்து வந்தது. அரசனைக் குறிக்கும் 'கிராய்' என்ற சொல்லும் ஸ்லாவியர்களிடமிருந்து பெற்றதே. ஸ்லாவியர்களோ அதனைப் பேரரசர் சார்லமேனின் கார்ல் என்ற இயற்பெயரிலிருந்து ஆக்கிக்கொண்டனர். மாத்தே எதிர்த்த மன்னரின் பெயரான காரோயும் அதே பெயரின் ஹங்கேரிய வடிவம். ஆகவே 'காரோய் கிராய்' என்று மக்கள் அழைத்தபோது, ஒரே வேரிலிருந்து இருவேறு வழிகளில் வந்த இரு சொற்களை அருகருகே வைத்து அழைத்தனர்.

இவற்றினும் சுவையான சான்று எல்லையைப் பற்றிய சொற்களில் உள்ளது. மாவட்டத்தைக் குறிக்கும் ஹங்கேரியச் சொல் 'மெதியே'. அது எல்லை எனப் பொருள்படும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து பெறப்பட்டது. ஸ்லோவாக் மொழியிலோ ஊரின் எல்லையையும் எல்லைக்குட்பட்ட நிலத்தையும் குறிக்கும் சொல் 'கொதார்'. அது எல்லை எனப் பொருள்படும் 'ஹதார்' என்ற ஹங்கேரியச் சொல்லிலிருந்து பெறப்பட்டது. இரு மக்களும் எல்லை என்ற சொல்லையே ஒருவரிடமிருந்து ஒருவர் கடனாகப் பெற்றிருக்கின்றனர். எல்லைக்கு இருபுறமும் தனித்தனியே வாழ்ந்தவர்கள் இவ்வாறு செய்யமாட்டார்கள். ஒரே வயலுக்கு அருகில் நின்று, இது உன் பக்கம், இது என் பக்கம் என்று நாள்தோறும் பேசியவர்களே இவ்வாறு செய்வர். மாத்தேயின் நாடு அத்தகையது.

அந்நாட்டில் பிரபு என்ற தகுதி மொழியால் வரவில்லை. இலத்தீன் ஆவணங்களில் 'ஹங்காருஸ்' என்றால் ஹங்கேரி முடிக்கு உரியவர் என்று பொருள். நாட்டின் 'நாத்சியோ' என்றால் உரிமைகள் பெற்ற பிரபுக்களின் திரள் என்று பொருள். 1514ஆம் ஆண்டில் வெர்பொட்சி தொகுத்த சட்டநூல் இக்கருத்தை விரிவாக எடுத்துரைக்கிறது. ஸ்லாவிய மொழி பேசிய பிரபு அத்திரளுக்குள் இருந்தார். மகியார் மொழி பேசிய உழவர் அதற்கு வெளியே இருந்தார். மாத்தேயின் இல்லத்தில் எம்மொழி பேசப்பட்டது என்று அக்காலத்தார் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கு அது எழுதத்தக்க செய்தியாகவே தோன்றவில்லை.

ஒருவர்க்கு இருவர் உரிமை

பிறகு 19ஆம் நூற்றாண்டு வந்தது. மொழியே இனத்தின் உயிர் என்ற எண்ணம் ஐரோப்பா முழுவதும் பரவியது. 1844ஆம் ஆண்டு ஹங்கேரி முடியரசில் இலத்தீன் நீங்கி ஹங்கேரிய மொழி ஆட்சிமொழியாயிற்று. அதற்கு ஓராண்டு முன்னர்தான் லூதோவீத் ஷ்தூர் என்னும் அறிஞர் தம் நண்பர்களுடன் கூடி, நடு ஸ்லோவாக்கிய வழக்கை அடிப்படையாகக் கொண்டு எழுத்துமொழியை வரையறுக்க முடிவு செய்திருந்தார். அவர் எழுதிய ஸ்லோவாக் இலக்கணம் 1846இல் வெளிவந்தது. ஒரே நேரத்தில் இரு மொழிகள் தம் உரிமைக்கு எழுந்தன. இரண்டுக்கும் முன்னோர்கள் தேவைப்பட்டனர்.

1853ஆம் ஆண்டில் ஷ்தூர் வெளியிட்ட கவிதைத் தொகுப்பில் 'டிரென்சீனின் மாத்தூஷ்' என்ற நெடும்பாடல் இடம்பெற்றது. ஸ்லோவாக்கியர்களுக்கு மாத்தூஷ் தம் நிலத்தின் பழந்தலைவரானார். வாக் ஆற்றுக்கும் தாத்ரா மலைக்கும் தலைவர் என்ற அடைமொழியும் அவருக்கு நிலைத்தது. ஹங்கேரியர்களுக்கோ அவர் வேறு காரணத்தால் வேண்டியவரானார். அயல்நாட்டிலிருந்து வந்த மன்னருக்குத் தலைவணங்காத உள்நாட்டுத் தலைவர் என்ற படிமம், ஹாப்ஸ்பர்க் ஆட்சியின்கீழ் வாழ்ந்த தலைமுறையின் உள்ளத்தைத் தொட்டது. ஒரு சாராருக்கு அவர் ஹங்கேரி மன்னரை எதிர்த்த ஸ்லோவாக்கிய வீரர். மறுசாராருக்கு அயல் மன்னரை எதிர்த்த ஹங்கேரிய வீரர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்த்ரே ஆதி என்னும் ஹங்கேரியக் கவிஞர் மூன்றாவது மாத்தேயைப் படைத்தார். 'மாத்தே சாக்கின் நிலத்தில்' என்ற தலைப்பில் அவர் எழுதிய கவிதையில், அப்பெயர் ஏழைகளை ஒடுக்கும் பெருநிலக்கிழார்களின் நாட்டுக்குக் குறியீடாயிற்று. நித்ரா ஆயரின் முறையீட்டிலுள்ள மாத்தேக்கு இம்மூன்றாம் படிமமே நெருக்கமானது.

இவ்வுரிமைப் போட்டிக்குச் சொல் எவ்வாறு காரணமாயிற்று என்பதை இப்போது காண்போம். ஸ்லோவாக் மொழியில் 1918 வரை இருந்த பன்மொழி முடியரசின் பெயர் 'ஊஹோர்ஸ்கோ'. இன்றைய ஹங்கேரி நாட்டின் பெயர் 'மஜார்ஸ்கோ'. முன்னது முடியைக் குறிக்கும். பின்னது மகியார் இனத்தாரின் நாட்டைக் குறிக்கும். ஆகவே ஒரு ஸ்லோவாக்கிய ஆசிரியர் மாத்தூஷை 'ஊஹோர்ஸ்கோ நாட்டுப் பிரபு' என்று சொல்லும்போது, அவர் மகியார் இனத்தவர் என்று சொன்னதாகாது. ஹங்கேரிய மொழியிலோ இரண்டுக்கும் 'மகியார்' என்ற அடிச்சொல் ஒன்றே. வேறுபடுத்த வேண்டுமாயின் 'வரலாற்று' என்ற அடைமொழியைச் சேர்க்கவேண்டும். ஒரு ஹங்கேரிய ஆசிரியர் 'மகியார் பிரபு' என்று எழுதும்போது, நாட்டைச் சொல்கிறாரா இனத்தைச் சொல்கிறாரா என்பது சொல்லில் தெளிவாகாது. இருவரும் தத்தம் மொழியின் வழக்குப்படி பிழையின்றிப் பேசுகின்றனர். ஆனால் ஒருவர் சொல்வது மற்றவர் செவியில் பறிப்பாகவோ மறுப்பாகவோ ஒலிக்கிறது.

இதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. 'ஊஹோர்' என்பதும் 'ஹங்கேரி' என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழந்துருக்கிய இனக்குழு ஒன்றின் பெயரான 'ஓனோகுர்' என்பதே அவ்வேர் என்று மொழியறிஞர் பலர் கொள்வர். பத்து அம்புகள், அதாவது பத்துக் குலங்கள் என்பது அதன் பொருள். முதலில் நிற்கும் ஹகர ஒலி, ஹூணர்களோடு இம்மக்களைத் தொடர்புபடுத்திய இலத்தீன் எழுத்தாளர்களால் சேர்ந்தது என்பர். அதாவது ஹங்கேரி என்பது அம்மக்கள் தமக்கு இட்ட பெயரே அன்று, பிறர் இட்டது. தம் மொழியில் அவர்கள் என்றும் மகியார்களே.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு இவ்வேறுபாட்டின் அருமை எளிதில் விளங்கும். மலேசியர் என்பது நாட்டால் வந்த பெயர். மலாய்க்காரர் என்பது இனத்தால் வந்த பெயர். இவ்விரண்டுக்கும் ஒரே சொல் இருந்திருந்தால், இந்நாட்டுத் தமிழர் தம்மைக் குறித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கம் சேர்க்க நேர்ந்திருக்கும். நமக்கு அந்த இடர் இல்லை. மாத்தேயைப் பற்றி எழுதுவோருக்கு அந்த இடர் இன்றும் உள்ளது.

எஞ்சி நிற்பவை

மாத்தேயின் அரசு அழிந்தது. சில பெயர்கள் எஞ்சின. இன்றைய தென்மேற்கு ஸ்லோவாக்கியாவில் கலாந்தா, ஷாலியா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சமவெளியை ஹங்கேரிய மொழியில் 'மாத்யுஷ்ஃபொல்ட்' என்பர். மாத்தேயின் நிலம் என்பது பொருள். ஸ்லோவாக் மொழியிலும் அப்பொருளே கொண்ட 'மாத்தூஷோவா ஜெம்' என்ற பெயர் வழங்குகிறது. ஒருகாலத்தில் அவர் ஆண்ட பரந்த நிலத்தைச் சுட்டிய பெயர், இன்று அதன் ஒரு பகுதியைச் சுட்டிச் சுருங்கியுள்ளது. டிரென்சீன் கோட்டையின் உயர்ந்த கோபுரத்துக்கும் மாத்தூஷ் கோபுரம் என்றே பெயர்.

அவர் இழந்த கோட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1317இல் மீட்கப்பட்ட விஷெக்ராட்டையே 1323இல் மன்னர் காரோய் தம் தலைநகராக்கினார். உயர்ந்த கோட்டை எனப் பொருள்படும் ஸ்லாவியப் பெயர் அது. 1335ஆம் ஆண்டு பொகீமிய, போலந்து மன்னர்கள் அங்கு வந்து காரோயுடன் உடன்பாடு கண்டனர். அச்சந்திப்பின் நினைவாகவே 1991இல் செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, போலந்து ஆகிய நாடுகளின் தலைவர்கள் அதே ஊரில் கூடி, விஷெக்ராட் குழு என்ற கூட்டமைப்பைத் தோற்றுவித்தனர். இன்று ஸ்லோவாக்கியாவும் ஹங்கேரியும் அதில் ஒருங்கே உறுப்பு நாடுகள்.

நாம் கொள்ளவேண்டியவை

தமிழில் 'ஹங்கேரி' என்ற சொல் ஆங்கிலத்தின் வழி நமக்கு வந்தது. ஆங்கிலத்தில் நாட்டுக்கும் இனத்துக்கும் மொழிக்கும் ஒரே அடிச்சொல்தான். அந்த மயக்கத்தையும் சேர்த்தே நாம் பெற்றுக்கொண்டோம். 'ஹங்கேரியப் பிரபு மாத்தே சாக்' என்று நாம் எழுதினால், நம்மை அறியாமலே ஒரு வழக்கில் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறோம். 'ஹங்கேரி முடியரசின் பிரபு' என்று எழுதினால் அக்குறை நீங்கும். இனத்தையும் மொழியையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'மகியார்' என்ற சொல் நமக்கு உண்டு. ஒரு வேற்றுமை உருபால் தீரும் சிக்கலை உருபால் தீர்ப்பதே மொழித்திறன்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் இதற்கென ஒரு பயிற்சி தரலாம். வரலாற்றுப் பாடத்திலிருந்து ஓர் இனப்பெயரை எடுத்து, அப்பெயரை முதலில் வழங்கியவர் யார், அதற்கு உரியவர் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டனர், அன்று அப்பெயர் நாட்டைக் குறித்ததா, குலத்தைக் குறித்ததா, மொழியைக் குறித்ததா என்று மாணவர்களைத் தேடச் செய்யலாம். ஊர்ப்பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். இன்று பிராட்டிஸ்லாவா எனப்படும் நகரம் மாத்தேயின் காலத்தில் அப்பெயரால் வழங்கவில்லை. ஹங்கேரியர்களுக்கு அது போசோன், ஜெர்மானியர்களுக்குப் பிரெஸ்பர்க். பிராட்டிஸ்லாவா என்ற பெயர் 1919இல்தான் அதிகாரப்பூர்வமாயிற்று. எந்த ஆண்டைப் பற்றி எழுதுகிறோமோ அந்த ஆண்டின் பெயரையும் இன்றைய பெயரையும் ஒருமுறையேனும் சேர்த்துத் தருவது படிப்போருக்குச் செய்யும் நீதி.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். முன்னோரைத் தேடுவது இயல்பு, அதில் தவறில்லை. ஆனால் இறந்தோர் நம் கேள்விகளுக்கு விடையளிக்க வாழ்ந்தவர்கள் அல்லர். மாத்தே சாக் தம் நிலத்துக்காகவும் தம் அதிகாரத்துக்காகவும் போரிட்டார். ஸ்லோவாக்கியருக்காகவோ மகியாருக்காகவோ அவர் போரிடவில்லை. அவரிடம் அக்கேள்வியைக் கேட்டிருந்தால், அதன் பொருள் அவருக்கு விளங்கியிராது. அவர் ஆண்ட நிலத்தில் எல்லை என்ற சொல்லை ஒருவருக்கொருவர் கடனாகக் கொடுத்து வாங்கிய உழவர்கள் வாழ்ந்தனர். பெயரெழுதி வைக்கப்படாத அம்மக்களை அவருடைய கோட்டைகள் நமக்குக் காட்டுவதில்லை. 'மெதியே', 'கொதார்' என்ற இரு சொற்கள் காட்டுகின்றன. மொழியைக் கற்போர் அச்சொற்களின் வழியாகவே அவர்களை அணுக முடியும். அப்பணியை இளையோர் மேற்கொள்ள வேண்டும் என்பதே நம் விருப்பம்.